பாங்காக் அடுப்பில் வள்ளைக்கீரையும் பச்சைக் கறியும்: ஆறு வாரக் குறிப்புகள்

பாங்காக்கில் நான் வாடகைக்கு இருப்பது ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். கீழ்த்தளத்தில் 'ஆஹான் தாம் சங்' வகை உணவுக்கடை ஒன்று இருக்கிறது. கேட்டதை அப்போதே சமைத்துத் தருவது என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். கடையை நடத்தும் பெண்மணி என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மூத்தவரை இந்நாட்டில் அழைக்கும் சொல்லைத் தமிழில் எழுதினால் படிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதால், இந்தக் குறிப்பு முழுவதும் அவரை அக்கா என்றே சொல்லிவிடுகிறேன். அவர் என்னை 'நோங்' என்பார். தம்பி என்று கொள்ளலாம்.

நான் சைவ உணவுக்காரன். அக்கா கடையில் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் வள்ளைக்கீரை வதக்கல்தான். மிளகாயும் பூண்டும் மணக்க, தண்டு நறுக்கென்று கடிபட, இலை பச்சை மாறாமல் தட்டுக்கு வரும் அந்தக் கீரையை வீட்டில் செய்துவிடலாம் என்று நினைத்ததில் இந்த வேலை தொடங்கியது. பிறகு அது தேங்காய்ப்பாலில் செய்யும் தாய்லாந்துப் பச்சைக் கறி வரைக்கும் நீண்டு ஆறு வாரங்களை எடுத்துக்கொண்டது. தவறியவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் தவறிய இடங்களில்தான் காரணம் பிடிபட்டது.

முதல் வாரம் சந்தையில் 400 கிராம் வள்ளைக்கீரை வாங்கினேன். இங்கே அதில் இரண்டு வகை விற்கிறார்கள். நீரில் வளர்வதும் தண்டு தடித்துச் சற்றுச் செம்மை படர்ந்திருப்பதும் தாய்லாந்து வகை. நிலத்தில் வளர்ந்து, தண்டு வெளிர்பச்சையாகவும் இலை ஒடுங்கியும் இருப்பது சீன வகை. வதக்கலுக்குச் சீன வகையைத்தான் எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. கீரையைக் கழுவி, விரல் நீளத்துக்கு ஒடித்து, வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் பூண்டைப் போட்டுச் சிவக்க விட்டு, மிளகாய் போட்டு, கீரையைப் போட்டு, பிறகு புட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து சுவைச்சாறுகளை ஊற்றினேன். நம் ஊரில் கீரை தாளிக்கும் முறை எதுவோ அதையே செய்தேன் என்பதை இப்போது பார்க்கும்போது புரிகிறது. ஐந்தாவது நிமிடத்தில் வாணலியில் இருந்தது கீரைக் கடைசல். தண்டு துவண்டு, இலை கறுத்து, பூண்டு கருகி, அடியில் சாம்பல் நிற நீர் தேங்கியிருந்தது. அந்த நீரை வடித்து அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தபோது ஏறத்தாழ 100 மில்லி இருந்தது.

அந்த 100 மில்லிதான் எனக்குக் கிடைத்த முதல் துப்பு. கீரையின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். சூடு பட்டதும் அது வெளியே வரத்தான் செய்யும். அது வெளிவரும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் கூடுதலாக இருந்தால் கீரை வதங்கும், குறைவாக இருந்தால் அவியும். என் அடுப்புக்கு அந்த வேகம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தேன். குழாயில் 30 பாகையில் வரும் நீரில் ஒரு லிட்டரை அளந்து அதே வாணலியில் ஊற்றி, மூடாமல், முழுத் தீயில் வைத்தேன். கொதி வர ஐந்து நிமிடம் ஆயிற்று. 70 பாகை ஏற்றுவதற்கு ஏறத்தாழ 294 கிலோஜூல் வேண்டும். அதை 300 வினாடியால் வகுத்தால், என் அடுப்பு வாணலிக்குள் செலுத்தும் வெப்பம் ஏறத்தாழ ஒரு கிலோவாட் என்று தெரிகிறது. ஆனால் 100 கிராம் நீரை ஆவியாக்க 226 கிலோஜூல் தேவை. ஆகவே என் கீரை விட்ட நீரை விரட்டுவதற்கு மட்டும் என் அடுப்புக்கு நான்கு நிமிடம் பிடிக்கும், அந்த நான்கு நிமிடமும் கீரை வெந்துகொண்டேதான் இருக்கும். அக்காவின் கடையில் இருப்பதோ, பற்றவைத்தால் தெருமுனை வரைக்கும் இரைச்சல் கேட்கும் அழுத்த அடுப்பு. என் கைப்பேசியில் நேரம் பார்த்தபோது, கீரை வாணலியில் விழுந்ததிலிருந்து தட்டுக்கு வரும் வரை 35 வினாடிதான் ஆயிற்று.

அடுப்பை மாற்ற முடியாது, மரத்தளமிட்ட மாடியில் அழுத்த அடுப்பு வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவும் மாட்டார் என்ற நிலையில் மாற்றக்கூடியது அளவும் வரிசையும்தான். அக்கா செய்வதை இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் எதையும் 'தாளிப்பதே' இல்லை. ஒரு தட்டில் ஒடித்த கீரையைக் குவித்து, அதன் மேலேயே நசுக்கிய பூண்டு, நசுக்கிய ஊசிமிளகாய், 'தாவ்ஜியாவ்' என்னும் உப்பிட்டுப் புளிக்கவைத்த சோயாமொச்சை, சர்க்கரை, சிப்பிச் சாறு எல்லாவற்றையும் வைத்துவிடுகிறார். வாணலியில் எண்ணெய் புகைய ஆரம்பித்ததும் தட்டை அப்படியே கவிழ்க்கிறார். ஈரம் எண்ணெயில் பட்டுச் சீறும்போது எண்ணெய்த்துளிகள் ஆவியோடு மேலெழுந்து தீயைப் பிடித்துக்கொள்ள, ஒரு முழம் உயரத்துக்குச் சிவந்த சுவாலை எழும்புகிறது. இந்தப் பண்டத்தின் பெயரிலேயே 'ஃபை தேங்', அதாவது செந்தீ, இருப்பது அதனால்தான். பூண்டைத் தனியாக வறுத்தால் அந்தத் தீயில் மூன்று நொடியில் கருகிவிடும். கீரையோடு சேர்ந்து போவதால் கீரையின் ஈரமே அதற்குக் காப்பாகிறது. இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. கருகிய பூண்டைக் கொட்டிய பிறகு அந்தத் தட்டைப் பார்த்தபோது தானாகவே விளங்கியது.

இரண்டாம் வாரம் அளவைக் குறைத்தேன். 150 கிராம் கீரை, அதற்கு மேல் ஒரு தண்டுகூட இல்லை. கழுவி உதறி, துணியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் உலரவிட்டேன். மூன்று பல் பூண்டு, மூன்று மிளகாய், இரண்டு தேக்கரண்டி தாவ்ஜியாவ், அரைத் தேக்கரண்டி சர்க்கரை ஆகியவற்றோடு, சிப்பிச் சாறுக்கு மாற்றாக இங்கே சைவக்காரர்களுக்கென்று விற்கும் காளான் சாற்றில் ஒரு தேக்கரண்டி. எல்லாம் தட்டில். வாணலியை எண்ணெய் இல்லாமல் நான்கு நிமிடம் முழுத் தீயில் காயவிட்டு, பிறகு எண்ணெய் ஊற்றி, புகை தெரிந்ததும் தட்டைக் கவிழ்த்தேன். மெல்லிய அடுப்பின் குறையை ஈடுகட்டுவது கனமான இரும்பு வாணலியில் முன்கூட்டியே சேமித்த இந்தச் சூடுதான். 20 வினாடி புரட்டல், இரண்டு மேசைக்கரண்டி நீர், மீண்டும் 20 வினாடி. சுவாலை எழவில்லை; எழவும் வேண்டாம் என்பது என் தாழ்ந்த மரக்கூரையைப் பார்ப்பவர்களுக்குப் புரியும். ஆனால் மிளகாய்க் காரம் புகையோடு ஏறி, மாடியில் இருந்த மூவரும் பத்து நிமிடம் இருமினோம். கீரை சரியாக வந்திருந்தது. தண்டை இரண்டாகக் கடித்தபோது வெட்டு வாய் பளபளவென்று ஈரமாக இருந்தது, தட்டின் அடியில் இரண்டு கரண்டிச் சாறுதான் நின்றது.

சைவத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். சிவப்பு எழுத்துப் பொறித்த மஞ்சள் கொடி பறக்கும் 'ஜே' கடைகளைப் பார்த்ததும் நம்மவர்கள் நிம்மதியாக உள்ளே போவார்கள். சீனப் பௌத்த வழக்கிலிருந்து வந்த அந்த நோன்புச் சமையலில் பூண்டும் வெங்காயமும் சேரா. எனக்கு இந்த இரண்டும் வேண்டும், மீன் சாறும் இறால் விழுதும் வேண்டாம். 'மங்சவிரத்' என்று சொல்லிவிட்டு, மீன் சாறு வேண்டாம் என்று தனியாக ஒருமுறை சொல்வதுதான் உறுதியான வழி. வீட்டில் மீன் சாறு கொடுக்கும் உப்பையும் அடிச்சுவையையும் வெளிர் சோயாச் சாறும் தாவ்ஜியாவும் பங்கிட்டுக்கொள்கின்றன. வாசம் அதேபோல இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புளிக்கவைத்த மொச்சைக்கு அதற்கே உரிய ஆழம் உண்டு.

மூன்றாம் வாரத்தில் 'கெங் கியாவ் வான்' என்னும் பச்சைக் கறியில் இறங்கினேன். பெயரில் இருக்கும் 'வான்' என்ற சொல்லுக்கு இனிப்பு என்று பொருள் இருந்தாலும் அது இங்கே குறிப்பது நிறத்தின் மென்மையை. கறி இனிப்பாக இருக்க வேண்டும் என்று சர்க்கரையைக் கொட்டுவது வெளியூர்க்காரர்களின் பழக்கம். முதல் முறை விழுதை மின் அரைவையில் அரைத்தேன். எலுமிச்சைப்புல்லும் பேரரத்தையும் நார் மிகுந்தவை, ஆகவே நீர் ஊற்றாமல் கத்தி சுழல மறுத்தது. நீர் ஊற்றியதும் சுழன்றது. ஆனால் அந்த நீர்தான் பின்னால் கெடுத்தது. எண்ணெயில் விழுதைப் போட்டால் பொரிய வேண்டும், இது கொதித்தது. நார்களும் நசுங்காமல் நறுக்குண்டே கிடந்ததால், வாயில் துரும்பாக அகப்பட்டன. கீரையில் செய்த தவறையே நான் வேறு வடிவில் மீண்டும் செய்திருந்தேன்.

அக்கா தம் கல்லுரலைக் கொடுத்தார். இங்கே உரல் இரண்டு விதம். பப்பாளிக்காய்ச் சாலடுக்கு மண்ணுரலும் மர உலக்கையும். அது காயைச் சற்றே அடித்துச் சாறு ஏற்றுவதற்கு, அரைப்பதற்கு அல்ல. கறி விழுதுக்குக் கல்லுரலும் கல் குழவியும். சோன்புரி மாகாணத்தில் கடலோரத்தில் இருக்கும் ஆங் சிலா என்ற ஊர் கருங்கல் உரலுக்குப் பேர்போனது. ஊர்ப் பெயருக்கே கல்தொட்டி என்றுதான் பொருள். அம்மியில் பழகிய கைக்கு அதன் எடை புதிதல்ல, ஆனால் அசைவு வேறு. அம்மியில் இழுத்து அரைக்கிறோம். இங்கே செங்குத்தாக இறக்கி, உரலின் பக்கச் சுவரில் வழுக்கவிட்டு நசுக்க வேண்டும். ஒரு கையால் உரலின் வாயை மூடிக்கொள்ளாவிட்டால் மிளகாய் கண்ணுக்கு வந்துவிடும். எனக்கு இரண்டு முறை வந்தது.

இடிக்கும் வரிசை உலர்ந்ததிலிருந்து ஈரத்துக்கும், கடினத்திலிருந்து மென்மைக்கும் போகிறது. வறுத்த தனியா ஒரு தேக்கரண்டியும் சீரகம் அரைத் தேக்கரண்டியும் வெள்ளை மிளகு பத்தும் முதலில் பொடியாகின்றன. அவற்றை வழித்து வைத்துவிட வேண்டும். அடுத்து 15 பச்சை ஊசிமிளகாயும் கல்லுப்பும், உப்புக்கல் அங்கே மணலைப் போல் வேலை செய்து தோலைக் கிழிக்கிறது. பிறகு எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டு இரண்டு, குறுக்கே மெல்லிய வட்டங்களாக நறுக்கியது. நெடுக்கே வெட்டினால் நார் முழு நீளத்துக்கு மிஞ்சிவிடும். அதன் பின் பேரரத்தை ஐந்து வில்லை, 'மக்ரூத்' எலுமிச்சையின் பச்சைத் தோல் சிறிது, கொத்தமல்லி வேர் மூன்று. நம் ஊரில் கட்டை அறுத்துக் குப்பையில் போடும் அந்த வேர், இங்கே பூண்டோடும் வெள்ளை மிளகோடும் சேர்ந்து எத்தனையோ பண்டங்களுக்கு அடித்தளம். நீர் நிறைந்த சின்ன வெங்காயமும் பூண்டும் கடைசி. முதலிலேயே போட்டால் மற்றவை வழுக்கிக்கொண்டு ஓடும். இறால் விழுதுக்குப் பதிலாக ஒரு தேக்கரண்டி தாவ்ஜியாவை நீர் வடித்துச் சேர்த்தேன். நிறத்துக்காக மிளகாய்ச் செடியின் இளந்தளிர் ஐந்தாறையும் அக்கா உள்ளே போட்டார். முழுதும் இடிக்க 35 நிமிடம் ஆயிற்று. சொட்டு நீரில்லாத விழுது, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழவில்லை.

சிலர் பேரரத்தைக்கு இஞ்சியைப் போடலாம் என்று எழுதுகிறார்கள். போடாதீர்கள். இஞ்சியின் சூடு வேறு, அரத்தையின் பிசின் கலந்த வாசம் வேறு. நம் நாட்டு மருந்துக் கடையில் உலர்த்தி விற்கும் சிற்றரத்தையும் இதற்கு ஒத்துவராது. அது கஷாயத்துக்கு உரியது. மக்ரூத் இலை கிடைக்காத இடத்தில் நாரத்தை இலையின் நடு நரம்பை நீக்கிக் கிள்ளிப் போடலாம், அதுவும் இலைக்குத்தானே தவிர தோலுக்கு அல்ல. இங்குள்ள பனை வெல்லத்துக்கு மாற்றாக நம் ஊர்க் கருப்பட்டியைப் போட்டால் நிறமும் புகைவாசமும் கறியைத் தூக்கி விழுங்கிவிடும் என்பதால் வெளிர் நிற நாட்டுச் சர்க்கரையே மேல்.

தேங்காய்ப்பாலில்தான் எனக்குப் பெரிய திருப்பம் கிடைத்தது. நம் சொதியில் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காயை வேகவைத்து, முதல் பாலை இறக்கும் தறுவாயில் ஊற்றி, கொதி வருமுன் இறக்கிவிடுவோம். முதல் பால் திரிந்துவிட்டால் சமைத்தவர்க்கு அவமானம். இங்கே முதல் பாலைத்தான் முதலில் வாணலியில் ஊற்றுகிறார்கள், அதுவும் திரியட்டும் என்றே காய்ச்சுகிறார்கள். 'தேக் மான்' என்பது அதற்குப் பெயர்: கொழுப்பு உடைதல். மிதமான தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் குமிழியின் சத்தம் மாறும்; முதலில் தண்ணீர் கொதிக்கும் 'பொளபொள' சத்தம், பிறகு மெல்லிய சடசடப்பு. பால் திப்பிதிப்பியாகப் பிரிந்து, ஓரங்களில் தெளிந்த எண்ணெய் கோடிடும். அந்த எண்ணெயில்தான் விழுது பொரிய வேண்டும். பெட்டியில் அடைத்த பாலில் இதை அரை மணி நேரம் முயன்றும் உடையவில்லை. கொழுப்பும் நீரும் பிரியாமலிருப்பதற்காகச் சேர்க்கப்படும் பொருள் அதன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. மறுநாள் சந்தையில் துருவலை இயந்திரத்தில் அழுத்திப் பிழியும் கடையிலிருந்து நீர் சேர்க்காத முதல் பால் 250 மில்லி வாங்கினேன். எட்டு நிமிடத்தில் உடைந்தது. விழுதைப் போட்டதும் அடுக்களை வாசம் ஒரு நொடியில் மாறியது, கீழிருந்து அக்கா எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று கையைச் சுழற்றிக் காட்டினார். விழுதின் பச்சை வாசம் போய், மூக்கைக் குத்தும் காரம் அடங்கும் வரை ஐந்து நிமிடம் வதக்கினேன்.

இதற்குப் பிறகுதான் காய். குழம்பில் காயையும் மசாலாவையும் ஒன்றாக ஊறி வேகவிட்டே பழகிய எனக்கு, மணம், உப்பு, இனிப்பு, கொழுப்பு அனைத்தும் காய் விழுமுன்பே முடிந்திருக்க வேண்டும் என்பது கைக்கு வரவே இல்லை. நான்காம் வாரக் கறி அதனால்தான் வீணானது. ருசி பார்த்துப் பார்த்து உப்பைத் திருத்திக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் கத்தரிக்காய் கூழாகி, பச்சைக் கறி புளியிலைப் பழுப்புக்கு வந்துவிட்டது. பச்சையம் நீண்ட சூட்டில் தன் மையத்திலுள்ள மக்னீசியத்தை இழந்து ஆலிவ் நிறத்துக்கு மாறும். மூடி வைத்தால் காயிலிருந்து எழும் அமிலங்களும் வெளியேறாமல் உள்ளேயே விழுந்து அதை விரைவுபடுத்தும். ஆகவே மூடியை எடுத்துவிட்டு, இரண்டாம் பாலில் உப்பையும் இனிப்பையும் முழுமையாக முடித்து, கொதி தளதளவென்று வந்த பிறகே காயைப் போடுவது என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

கத்தரி இங்கே உருண்டையாக, எலுமிச்சையளவில், பச்சையும் வெள்ளையும் வரியோடியதாக இருக்கும். நான்காக அரிந்த கையோடு உப்பு நீரில் அமிழ்த்தாவிட்டால் நிமிடத்தில் விதைப்பகுதி கறுக்கும். கறியில் போடும்போதும் அதே கவனம் வேண்டும். கொதிக்காத சாற்றில் விழுந்தாலோ, மேலே மிதந்துகொண்டிருந்தாலோ மீண்டும் கறுக்கிறது; கரண்டியால் உள்ளே அழுத்திப் பிடிக்க வேண்டும். நான்கு நிமிடம் போதும். விதைகள் கூட்டுக்குள் தனித்தனியாகத் தெரிய வேண்டும், ஓரத்தில் சிறிது எதிர்ப்பு இருக்க வேண்டும். இதோடு கொத்துக் கொத்தாகச் சுண்டைக்காயும் போகிறது. வற்றலாக, எண்ணெயில் பொரித்தே சுண்டைக்காயை அறிந்த எனக்கு, அதைப் பச்சையாக முழுதாகத் தேங்காய்ப்பாலில் கண்டது வியப்பாக இருந்தது. பல்லில் வெடித்து அது விடும் கசப்பு, கொழுத்த பாலை நடுநடுவே அறுத்துவிடுகிறது. சுண்டைக்காய் இல்லாத பச்சைக் கறி எனக்கு இப்போது திகட்டுகிறது.

இடையே ஐந்தாம் வாரத்தில் நீளப் பயற்றங்காயை வறட்டுக் கறியாக, 'பத் பிரிக் கிங்' என்ற பெயரில், செய்து பார்த்தேன். 'கிங்' என்றால் இஞ்சி; ஆனால் அதில் இஞ்சி கிடையாது. என் அடுப்பில் பயற்றங்காய் நேரடியாக வாணலியில் வேகத் தாமதமாகி விழுது கருகியதால், உப்பிட்ட கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் ஆற்றி, துணியில் ஒற்றி, கடைசி ஒரு நிமிடத்துக்கு மட்டும் விழுதோடு புரட்டினேன். கெட்டிக் காய்களுக்கு மெல்லிய அடுப்பில் இதுவே வழி.

ஆறாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வரிசைப்படி செய்தேன். அடுப்பை அணைத்த பிறகு, நரம்பு நீக்கிக் கிழித்த மக்ரூத் இலை நான்கும், ஊதாத் தண்டுள்ள 'ஹோரபா' துளசி ஒரு கைப்பிடியும். இதில் நம் கோயில் துளசிக்கு நெருங்கியது 'கப்ராவ்' என்னும் வேறு வகை, அது தீயில் வதக்குவதற்கு. கறியின் மேல் தூவும் ஹோரபாவுக்குச் சோம்பு வாசம், சூட்டில் நின்றால் அது பறந்துவிடும். ஒரு கிண்ணத்தை மூடிக் கீழே கொண்டுபோனேன். அக்கா சாற்றைத் தொடவில்லை. கத்தரித் துண்டு ஒன்றைக் கரண்டியால் எடுத்து, வெளிச்சத்தில் விதையைப் பார்த்து, பாதியைக் கடித்து, மீதிப் பாதியையும் தின்று முடித்தார். பிறகு, உரலை எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்டார்.

மறுநாள் எட்டு அங்குலக் கருங்கல் உரல் ஒன்றைச் சந்தையில் வாங்கி மாடிக்குத் தூக்கி வந்தேன். புது உரலில் இரண்டு கைப்பிடி பச்சரிசியைப் போட்டு இடித்தபோது முதல் ஈடு சாம்பல் நிறமாக வந்தது. நான்காவது ஈட்டில்தான் மாவு வெளுத்தது.